ஒரு சம்பாப் பருவம் முழுவதும் லினக்ஸ் மின்ட்

மன்னார்குடியில் நாங்கள் குடும்பமாக நடத்திவரும் தட்டச்சு, ஜெராக்ஸ் கடையில் மூன்று கணினிகள் உள்ளன. அவற்றில் இரண்டு, இன்டெல் மூன்றாம் தலைமுறை ஐ3 செயலியும் 4 ஜிபி ரேமும் கொண்ட பழைய மேசைக் கணினிகள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தபோது, இவ்விரண்டையும் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. விண்டோஸ் 11, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. சம்பா நடவு முடிந்து, பயிர்க் காப்பீட்டுக்காக விவசாயிகள் அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல்களோடு கடை வாசலில் நிற்கும் காலம் அது. ஊராரின் அடையாள ஆவணங்கள் நாள்தோறும் வந்துபோகும் கணினியைப் பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாமல் இணையத்தில் வைத்திருக்க என் மனம் ஒப்பவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களைக் காயலான் கடைக்கு அனுப்பவும் மனம் வரவில்லை. ஐப்பசியில் இரண்டிலும் லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தின் 22.2 பதிப்பை, எக்ஸ்எஃப்சிஇ பணிமேடையோடு (திரையின் தோற்றமும் பட்டிகளும் அடங்கிய பகுதி) நிறுவினேன். அறுவடை முடிந்து கொள்முதல் நிலையங்களில் நெல் மூட்டைகள் அடுக்கப்படும் இந்த மாசி வரை அவற்றிலேயே வேலை பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல இயங்குதளம் என்று முடிவெடுத்ததும், அவற்றில் எது என்பதுதான் அடுத்த தயக்கம். பென் டிரைவிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்கும் வசதி இருப்பதால், வன்தட்டைத் தொடாமல் ஒவ்வொன்றையும் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன். தோற்றத்தை நான் பார்க்கவில்லை. தமிழ் தட்டச்சு ஒழுங்காக வருகிறதா, எங்கள் பிரிண்டர் அச்சிடுகிறதா, 4 ஜிபி ரேமில் பிரவுசரும் ஆவணமும் ஒன்றாகத் திறந்திருக்கும்போது மூச்சுத் திணறுகிறதா என்ற மூன்றை மட்டும் பார்த்தேன். உபுண்டு அழகானது, ஆனால் அதன் க்னோம் பணிமேடை இந்த ரேமுக்குச் சற்றுக் கனம்; பயர்பாக்ஸ் பிரவுசர் அதில் ஸ்னாப் என்னும் தனிவகைப் பொதியாக வருவதால் பழைய வன்தட்டில் முதல் முறை திறக்க நெடுநேரம் ஆனது. பெடோரா ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பை வெளியிடுகிறது. புதுமை விரும்பும் மாணவருக்கு அது பொருந்தும், கடைக்குப் பொருந்தாது. டெபியன் 13 மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. கணினியில் தேர்ந்தவர் அருகில் இருந்தால் அதையே பரிந்துரைப்பேன்.

பாஸ் லினக்ஸையும் சொல்லாமல் விட முடியாது. மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட இந்த இயங்குதளம், தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்த மடிக்கணினிகளை எங்கள் கடைக்குக் கொண்டுவந்த பிள்ளைகள் பலர், இடம் அடைக்கிறது என்று அதை நீக்கித் தரச் சொன்னார்கள். நானும் நீக்கித் தந்தேன். திறமூல மென்பொருள் ஒவ்வொரு கிராமத்துக்கும் இலவசமாக வந்து சேர்ந்தும், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று உட்கார்ந்து சொல்லித்தர ஆளில்லாமல் போன காலம் அது. இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மின்ட்டை 2006இல் கிளெமன் லெஃபெவ்ர் தொடங்கினார். உபுண்டுவின் நீண்ட கால ஆதரவுப் பதிப்பை எடுத்து, அதன் மேல் தன் கருவிகளையும் பணிமேடையையும் வைத்துத் தருவது இதன் வழக்கம். 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. சினமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று பணிமேடைகளில் கிடைக்கிறது. மூன்றில் இலகுவானது எக்ஸ்எஃப்சிஇ. குறைந்தது 2 ஜிபி ரேம் வேண்டும் என்கிறார்கள், 4 ஜிபி இருந்தால் வசதி என்கிறார்கள். என் அனுபவத்தில் இந்தக் கணக்கு சரியானது. ஸ்னாப் இதில் இயல்பாக இல்லை. பயர்பாக்ஸ் சாதாரணப் பொதியாகவே வருகிறது, அந்த ஒரு வேறுபாடே எங்கள் கணினிகளில் கண்ணுக்குத் தெரிந்தது. எனினும் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வன்தட்டை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போட்டதால் கிடைத்த வேகம், இயங்குதளத்தை மாற்றியதால் கிடைத்த வேகத்தைவிடப் பெரிது. கையில் பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் எஸ்எஸ்டி வாங்குங்கள்.

நிறுவுவது அரை மணி நேர வேலை; அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நிறுவிய பின் இதைத் தமிழ்க் கடைக்கான கணினியாக மாற்ற எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. பிற மதிப்புரைகள் பெரும்பாலும் தொடாமல் விடும் பகுதி அதுதான் என்பதால், அதை விரிவாகச் சொல்கிறேன்.

மின்ட்டில் தமிழ் எழுத்துகள் நிறுவியவுடனே திரையில் சரியாகத் தெரிகின்றன. ஆனால் தட்டச்சு செய்ய வழி செய்துகொள்ள வேண்டும். மென்பொருள் மேலாளரில் பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் என்பதையும், அதற்கு விசைப்பலகை முறைகளைத் தரும் எம்17என் இணைப்பையும் நிறுவி, உள்ளீட்டு முறை அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி உள்நுழைந்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சுப்பொறி எனப் பல விசைப்பலகை முறைகள் பட்டியலில் நிற்கின்றன. காசு கொடுத்து வாங்கிய தட்டச்சு மென்பொருளைத் தனியே ஏற்றி, அதன் உரிமக் குறியீட்டைத் தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு, இவை அனைத்தும் இயங்குதளத்தோடு இலவசமாகக் கிடைப்பது பெரிய விடுதலை.

ஆனால் கடையில் பதினான்கு ஆண்டுகளாகத் தட்டச்சு செய்யும் அக்காவின் விரல்கள் பாமினிக்குப் பழகியவை. பாமினி உண்மையில் ஓர் எழுத்துரு மட்டுமே; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். அதில் கொ எழுத வேண்டுமானால், ஒற்றைக் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று விசைகளை அடிக்க வேண்டும். தமிழ்99 முறையிலோ க, ஒ என்று ஒலியின் வரிசையில் இரண்டு விசைகள் போதும். நடு வரிசையில் இடக்கைக்கு அ, இ, உ, எ என்ற உயிர்களும், வலக்கைக்கு க, ப, ம, த, ந என்ற மெய்களும் அமைந்திருக்கின்றன. க என்ற விசையை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழுந்து க்க ஆகிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட இந்த முறையை வகுத்தவர்கள் தமிழின் அமைப்பை நன்கு எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு சொல்லை அடிக்கும்போதும் உணர்கிறேன். பாமினி விசைகளுக்கு நெருக்கமான ரெங்கநாதன் முறையும் எம்17என் பட்டியலில் இருக்கிறது; முதல் மூன்று வாரம் அக்காவுக்கு அதையே வைத்துக் கொடுத்தேன். காப்பீட்டுக் கூட்டம் குறைந்த பிறகு, பிற்பகல்களில் அவரே தமிழ்99 பழகத் தொடங்கினார். மார்கழி முடிவதற்குள் பழைய வேகம் வந்துவிட்டது. வேலை மிகுந்த மாதத்தில் இயங்குதளத்தையும் விசைப்பலகையையும் ஒரே நாளில் மாற்றுவது கடையை மூடுவதற்குச் சமம் என்பதால், இந்த இடைவழியைப் பிற கடைக்காரர்களுக்கும் பரிந்துரைக்கிறேன்.

அடுத்தது பழைய கோப்புகள். பத்திரப் படிகள், சங்கத் தீர்மானங்கள், கோயில் திருவிழா நோட்டீஸ்கள் என்று எங்களிடம் ஆயிரக்கணக்கான கோப்புகள் பாமினியிலும் அதைப் போன்ற வானவில் எழுத்துருவிலும் இருக்கின்றன. அந்த எழுத்துருக் கோப்புகளை மின்ட்டில் நகலெடுத்து வைத்தால் ஆவணம் எழுதும் தொகுப்பான லிப்ரே ஆஃபிஸ் பழைய கோப்புகளைத் தமிழாகவே காட்டும்; எழுத்துரு இல்லையேல் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010இலேயே, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டுவிட்ட போதிலும், எங்கள் பக்கத்துக் கடைகளில் பழைய எழுத்துருக்கள் இன்றும் புழங்குகின்றன. இயங்குதளத்தை மாற்றும் சமயமே இவற்றையும் மாற்ற ஏற்றது என்று கருதி, ஓப்பன்-தமிழ் என்னும் பைத்தான் நிரல் தொகுப்பின் உதவியோடு அடிக்கடி தேவைப்படும் படிவங்களை யுனிகோடுக்கு மாற்றினேன். மாற்றம் முழுக்கத் துல்லியமாக இருப்பதில்லை. ஆங்கிலமும் தமிழும் கலந்த வரிகளில், ஆங்கிலச் சொல்லையும் தமிழென்று எண்ணிக் குலைத்துவிடும். புல எண், பரப்பு போன்றவற்றைக் கையால் சரிபார்க்காமல் ஒரு படிவத்தையும் வெளியே கொடுக்கக் கூடாது. மாற்றியதன் பலன் தேடும்போது தெரிகிறது. ஓர் ஊரின் பெயரைத் தமிழில் அடித்தால் அந்த ஊர் இடம்பெறும் மனுக்கள் எல்லாம் வந்து நிற்கின்றன. பாமினிக் காலத்தில் கோப்பின் பெயரை நினைவில் வைத்திருந்தால்தான் உண்டு.

திருமணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ் அடிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ என்ற நம் பழைய குறியீடுகளும், பத்திர எழுத்தில் வரும் மேற்படிக்கான ௸ குறியும் யுனிகோடில் இடம்பெற்றுள்ளன. மின்ட்டோடு வரும் எழுத்து வரைபடச் செயலியில் அவற்றைக் காணலாம். ஒவ்வொரு முறையும் அங்கே போய்த் தேடாமல், லிப்ரே ஆஃபிஸின் தானியங்கித் திருத்தப் பட்டியலில் குறுஞ்சொற்களாகச் சேர்த்துவிட்டேன். அதே பட்டியலில் ஸ்ரீ என்ற எழுத்தையும் சேர்த்தது பயனுள்ளதாயிற்று. இந்த ஓர் எழுத்தை, ஸ என்ற எழுத்தில் தொடங்கியும் ஶ என்ற எழுத்தில் தொடங்கியும் இரு வகையாக உள்ளிட முடியும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், தேடும்போது ஒன்று அகப்படும், மற்றொன்று அகப்படாது. கோயில் பெயர்கள் நிறைந்த இந்தப் பகுதியில் இது சிறு குறையன்று. கடை முழுவதும் ஒரே வகையை வைத்துக்கொள்ள அந்தப் பட்டியல்தான் வழி செய்தது. அச்சு அமைப்புக்கு ஸ்கிரைபஸும் இங்க்ஸ்கேப்பும் யுனிகோட் தமிழைக் கொம்பு பிசகாமல் காட்டுகின்றன. பேஜ்மேக்கர் கோப்புகளை லிப்ரே ஆஃபிஸின் டிரா திறக்கிறது என்றாலும் அமைப்பு கலைந்துவிடுவதால், எங்கள் பழைய பத்திரிகை மாதிரிகளைப் புதிதாகவே வடிவமைத்தோம். அந்த உழைப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

இடைமுகத்தையும் தமிழில் வைக்கலாம். என் உள்நுழைவில் அப்படியே வைத்திருக்கிறேன், எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சில பட்டிகள் தமிழிலும் சில ஆங்கிலத்திலுமாகக் கலந்து வருவதால், அக்காவின் உள்நுழைவில் ஆங்கிலமே இருக்கிறது. நம்மில் பலர் மொழிபெயர்ப்பில் கைகொடுத்தால் இந்தக் கலப்பு நீங்கும். திறமூல மென்பொருளில் அதற்குக் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது.

நான் செய்த மாற்றங்களில் கடைக்கு மிகுந்த பயன் தந்தது எது என்று கேட்டால், வலது சொடுக்குப் பட்டியைத்தான் சொல்வேன். எக்ஸ்எஃப்சிஇயின் கோப்பு மேலாளரான துனாரில், தனிப்பயன் செயல்கள் என்ற வசதி உண்டு. நாம் விரும்பும் கட்டளையை ஒரு பெயர் கொடுத்து வலது சொடுக்கில் வைத்துவிடலாம். தேர்வு விண்ணப்பங்களுக்குப் படம் இத்தனை கேபிக்குள், கையெழுத்து இத்தனை கேபிக்குள் என்று ஒவ்வொரு தளமும் ஒவ்வோர் அளவு கேட்கும். முன்பு இதற்காக ஏதாவதோர் இணையதளத்தில் பிள்ளைகளின் படத்தையும் சான்றிதழையும் ஏற்றிச் சுருக்கிக்கொண்டிருந்தோம். அந்தப் படங்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதை எண்ணினால் இன்றும் சங்கடமாக இருக்கிறது. இப்போது இமேஜ்மேஜிக், கோஸ்ட்ஸ்கிரிப்ட் ஆகிய இரண்டு கருவிகளின் கட்டளைகளை ‘படம் 50 கேபிக்குள்’, ‘கையெழுத்து 20 கேபிக்குள்’, ‘பிடிஎஃப் சுருக்கு’ என்று தமிழிலேயே பெயரிட்டு வைத்திருக்கிறேன். சொடுக்கிய அடுத்த நொடி வேலை முடிகிறது, எந்த ஆவணமும் கடையை விட்டு வெளியே போவதில்லை.

இதனோடு சேர்ந்ததுதான் ‘இன்று’ என்ற அடைவு. ஸ்கேன் செய்யும் ஆதார், பட்டா, சான்றிதழ் எல்லாம் அதில்தான் சேமிக்கப்படும். முதலில், கணினி அணைந்து எழும்போது தானே காலியாகும் தற்காலிக அடைவில் அதை அமைத்தேன். ஒரு பிற்பகல் மின்சாரம் போய் வந்ததும், ஓர் அம்மா ஸ்கேன் செய்து வைத்திருந்த பதினோரு பக்கங்களும் மறைந்தன. மீண்டும் முதலிலிருந்து செய்து கொடுத்தேன். அது என் பிழை. இப்போது மறுநாள் காலை கடை திறந்ததும் முந்தைய நாள் கோப்புகளை நீக்கும்படி கால அட்டவணையில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன், ஐந்து மாதத்தில் பிறர் ஆவணம் ஒன்றுகூட இந்தக் கணினிகளில் தேங்கவில்லை.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வடகிழக்குப் பருவமழை வலுத்தால் டெல்டாவில் மின்வெட்டு வழக்கமானது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்ததை நாங்கள் மறக்கவில்லை. திடீரென அணைந்தாலும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை தன் குறிப்பேட்டைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொண்டு எழுகிறது. மழைக்காலம் முழுவதும் ஒருமுறைதான் கணினி எழுவதில் சிக்கல் வந்தது. யுபிஎஸ் மின்கலம் பழையது என்று தெரிந்தும் புதுப்பிப்பைத் தொடங்கினேன், நடுவில் மின்சாரம் போனது, மறுபடி இயக்கியபோது பணிமேடை வரவில்லை. மின்ட்டுடன் வரும் டைம்ஷிஃப்ட் என்னும் கருவி அன்றுதான் எனக்கு உண்மையில் விளங்கியது. நிறுவிய பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கி, முந்தைய நாள் எடுத்து வைத்திருந்த நிலைப்பதிவைத் தேர்ந்தெடுத்ததும், தேநீர் வாங்கி வருவதற்குள் கணினி நேற்றைய நிலைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் டைம்ஷிஃப்ட் இயங்குதளக் கோப்புகளைத்தான் இயல்பாகக் காக்கும். நம் ஆவணங்களுக்கு வேறு வட்டில் தனியே நகல் எடுத்தாக வேண்டும். புதுப்பிப்பை எப்போது செய்வது என்பதை மின்ட் நம்மிடமே விடுகிறது, வேலை நடுவில் தானே மறுதொடக்கம் செய்வதில்லை. வாசலில் பத்துப் பேர் நிற்கும் கடைக்கு இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு மென்பொருள் காட்ட முடியாது.

குறைகள் உண்டு, அவை சிறியவையும் அல்ல. எங்களிடமுள்ள இரண்டு லேசர் பிரிண்டர்களில் ஹெச்பி உடனே அச்சிட்டது. எச்பிலிப் என்னும் அதன் இயக்கித் தொகுப்பு மட்டும் தேவைப்பட்டது. மற்றொன்றுக்கு அதன் தயாரிப்பாளர் தந்துள்ள லினக்ஸ் இயக்கி பழையது. நான்கு நாள் போராடியும் இரண்டு பக்கம் அச்சிட்டால் மூன்றாவது பக்கம் நின்றுவிடும். சேவைப் பணிகளுக்கான கைரேகைக் கருவிக்கு லினக்ஸ் இயக்கியே கிடைக்கவில்லை. பக்கத்து அரிசி ஆலையின் கணக்கைப் பார்த்துக்கொடுக்கும் டேலி மென்பொருள் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. வேறு வழிகளில் ஓட்டிப் பார்ப்பதைவிட விண்டோஸிலேயே விட்டுவிடுவது நல்லது, பிறர் பணக்கணக்கில் சோதனை செய்யக் கூடாது. ஆகவே எங்கள் மூன்றாவது கணினியான புதிய மடிக்கணினியில் விண்டோஸ் 11 தொடர்கிறது. ஆதார் கைரேகை, டேலி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகியவையே உங்கள் முக்கிய வருமானம் என்றால், முழுவதுமாக மாற வேண்டாம். ஒரு கணினியையாவது விட்டு வையுங்கள்.

தோற்றத்தில் நான் செய்தது கொஞ்சம்தான். அடிப் பலகையைப் பழைய விண்டோஸ் போலவே வைத்தேன், எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றி அளவைப் 10இலிருந்து 12 ஆக்கினேன். எக்ஸ்எஃப்சிஇயின் இயல்பான அளவு ஆங்கிலத்துக்குப் போதும். தமிழில் ணகர, னகர வேறுபாடும் கொம்பும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய இந்த அளவு வேண்டும். சுவர்ப்படமாக வடுவூர் ஏரியின் படம் இருக்கிறது.

தட்டச்சு, ஸ்கேன், இணைய விண்ணப்பம், பத்திரிகை வடிவமைப்பு ஆகியவற்றுக்கு இந்த இயங்குதளம் எங்களுக்கு முழு நிறைவைத் தந்துள்ளது. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பழைய மடிக்கணினிகளுக்கும் இதையே பரிந்துரைக்கிறேன். நிறுவும் முன் பென் டிரைவில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்க எங்கள் கடையில் காசு வாங்குவதில்லை. பிரச்சினை தரும் பிரிண்டரை இந்தக் கோடையில் மாற்றுகிறோம். புதியதை வாங்கும்போது, பில் போடுவதற்கு முன்பே மின்ட் இருக்கும் பென் டிரைவைக் கடைக்காரரின் கணினியில் செருகி, பத்துப் பக்கம் அச்சிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன்.